கரண்ட் மாமாவின் சிடியை யார் வாங்குகிறார்கள்?

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

நான் முதலில் கவனித்தது ஒரு ஸ்டிக்கரின் நிறத்தை. அதற்கு முன் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா தோளுக்குப் பின்னால் நின்று அதட்டுகிறாள். நாங்கள் இருவரும் சுகம். ஆபரேஷன் ஆன தொண்டை எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்னபடி மூன்று மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கிறீர்களா? அம்மா நம்பவில்லை. "உன் மாமன் தூக்கத்துலயே ராப் பாடுவான். அவனாவது வாயை மூடுறதாவது" என்கிறாள்.

நீங்கள் பேசக் கூடாது. நானோ போனில் 'ம்' என்பதைத் தவிர எதுவும் சொல்வதில்லை. அதனால் கடிதம் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

கடையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. முன்பக்கம் போன் உறைகளும் ஹெட்போன்களும். பின்பக்கம் சிடி அடுக்குகள். நான் பின்பக்கம். மாதம் பிறந்ததும் வேனில் வந்து இறங்கும் சிடிகளுக்கு அந்த மாதத்து நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது இங்கே வழக்கம். ஜனவரிக்குப் பச்சை, பிப்ரவரிக்கு மஞ்சள். ஆறு மாதம் பழைய நிறத்தோடு நிற்பதை எடுத்து வாசலில் இருக்கும் தள்ளுபடிக் கூடையில் போட்டுவிடுவோம். அடுக்கைத் துடைக்கும்போதே எது போகிறது, எது தூங்குகிறது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

உங்கள் 'மூன்றாம் மாடி' ஆல்பம் வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. நான் பிறப்பதற்கும் முன்னால். அந்த வரிசையில் இன்று மஞ்சள் மட்டும்தான் இருக்கிறது. போன மாதம் பச்சை மட்டும் இருந்தது. பக்கத்தில் நிற்கும் மூன்று புதுப் பாடகர்கள் இன்னும் செப்டம்பர் மாதத்து நீலத்தில் இருக்கிறார்கள்.

இதைச் சொல்லத்தான் எழுதினேன். வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 11

அடி அமுக்கினி,

ஒரு வருடம் போனில் 'ம்' கொட்டியவளுக்குள் இவ்வளவு எழுத்தா! நான் சுகம். தொண்டைதான் வேலை செய்யவில்லை. பால்காரரிடம்கூடச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். மனிதர் அதைப் படித்துவிட்டு எனக்குக் காது கேட்காது என்று நினைத்துச் சத்தம் போட்டுப் பதில் சொல்கிறார்.

நல்ல செய்தி சொன்னாய். ஆனால் இங்கே கதை வேறு. கம்பெனியில் புது மேனேஜர் வந்திருக்கிறார். முப்பது வயதுப் பெண், கெட்டிக்காரி. விற்பனைப் பட்டியலை என் முன்னால் வைத்தார். என் பேருக்கு நேரே இருந்த எண்ணை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். "சார், ஐம்பத்திரண்டு வயசுல புது ஆல்பம் போட்டா யார் வாங்குவாங்க? ஏப்ரல் முப்பதுக்குள்ள நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றார். வெளியே வரும்போது அங்கே ஒருவன், என் மேடைப் பேரை வைத்தே, "கரண்ட் போயிடுச்சுப்பா" என்று சிரித்தான். எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை.

நண்பன் ஒருவன் ஒத்திகைக் கூடம் நடத்துகிறான். சாவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கூப்பிடுகிறான். பேசவே வேண்டாம். போய்விடலாம் என்றிருக்கிறேன்.

உன் மஞ்சள் ஸ்டிக்கரைப் பற்றி: என் முதல் ஆல்பம் வந்தபோது ஒரே கடையில் முப்பது விற்றது. தலைகால் புரியாமல் ஆடினேன். மூன்று மாதம் கழித்து உன் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினேன், முப்பதும் அங்கே படுத்திருந்தன. அக்காவை விசாரி.

உன் மாமா


பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் சிலேட்டும் நலமா?

அம்மாவை விசாரித்தேன். "அப்ப எனக்கு வயசு முப்பத்தஞ்சு, புத்தி கிடையாது. இப்ப அவன் சிடியை வாங்கி நான் என்ன, ஜன்னல்ல கட்டித் தொங்கவிட்டுக் காக்கா ஓட்டவா?" என்றாள். கட்டிலுக்கு அடியிலும் பார்த்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டியும் ஒற்றைக் குடையும்தான்.

பில் புத்தகத்தில் பின்னோக்கிப் போனேன். மாதம் ஏழு. நான் சேர்வதற்கு முன்பும் ஏழு. வேன்காரர் ஏழுதான் இறக்குகிறார், ஏழும் போய்விடுகிறது. எட்டு வந்திருந்தால் எட்டும் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாவி வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வயதில்லை. அதனால் சொல்லவில்லை.

உங்கள் அமுக்கினி


மார்ச் 4

அமுக்கினிக்கு,

சுகமே. தொண்டையில் வலி குறைந்துவிட்டது, பயம் குறையவில்லை.

மாதம் ஏழு பேர். சரி. யார் அவர்கள்? என் வயதுக் கிழங்கள்தானே? பழைய ஞாபகத்துக்காக ஒன்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிறவர்களா? அப்படி என்றால் அது விற்பனை இல்லை, துக்கம் விசாரிப்பது. புது ஆல்பத்தை அவர்கள் தொடக்கூட மாட்டார்கள்.

நீ அவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஏப்ரல் முப்பது வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் சாவி.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. போனில் அவள் மட்டும் பேசுகிறாள், நான் இருமுகிறேன். ஒரு இருமல் 'ஆமாம்', இரண்டு இருமல் 'இல்லை' என்று வைத்திருக்கிறோம். அவள் கேட்காத கேள்விக்கு என்னால் இரும முடியவில்லை.

உன் மாமா


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நானும் சுகம். உங்கள் பயம் எப்படி இருக்கிறது?

கேட்டேன். கேட்கப் போனேன் என்பதுதான் சரி. போன வியாழன் ஒரு பெண் வந்தார். முழங்கை வரை வெள்ளை மாவு. நேராக வந்து 'மூன்றாம் மாடி'யை எடுத்தார். நான் வாயைத் திறந்தேன். 'ம்' என்றுதான் வந்தது. அவரும் 'ம்' என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இது புதிதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மைக் இருக்கிறது. புதுச் சரக்கு வந்தால் அதில் சொல்ல வேண்டும். முதலாளி ஒரு வருடமாக, "பாப்பா, அது ஒண்ணும் கடிக்காதும்மா" என்கிறார். நான் அதைத் தினமும் துடைத்து வைக்கிறேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பாடம் எழுத வரும், எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வராது. ஒருநாள் வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் தலைவலி என்றேன்.

ஆனால் எழுதினால் கேட்கலாம் இல்லையா? ஹெட்போன் வந்த காலி டப்பா ஒன்றில் துளை போட்டுக் கல்லாவில் வைத்துவிட்டேன். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உங்கள் சிடியை வாங்குகிறவர்களிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். சீட்டில் இருப்பது இதுதான்: 'இதை எதற்கு வாங்குகிறீர்கள்? உங்கள் வயது என்ன?'

வேன்காரரிடம் இந்தத் தடவை பதினான்கு கேட்டேன். அதையும் எழுதித்தான் கொடுத்தேன். "அப்பாடா, இப்பவாவது ஏத்திக் கேட்டீங்களே. கம்பெனி கடைக்கு ஏழுதான் தரும், இன்னொரு கடைப் பங்கையும் உங்களுக்கே இறக்கிடறேன்" என்றார்.

உங்கள் அமுக்கினி


ஏப்ரல் 8

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். பதினான்கும் விற்றுவிட்டது. சீட்டுகளை இதோடு வைத்திருக்கிறேன், பதின்மூன்று. தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று சிலவற்றை இங்கேயும் எழுதுகிறேன்.

'ரொட்டி போடுற இடத்துல வேலை. மாவு பிசைய ஆரம்பிக்கும்போது போடுவோம். எட்டாவது பாட்டு முடியறப்போ மாவு பதத்துக்கு வந்துடும், கடிகாரமே வேண்டாம். மாவு புகுந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு சிடி காலி. வயசு 34.'

'டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். பழக வர்றவங்க பயத்துல பிரேக் மேல ஏறி நிக்கிறாங்க. இந்த ஆளு பாட்டைப் போட்டா கிளட்சைத் தாளத்துக்கு விடுறாங்க. வெயில்ல வண்டிக்குள்ளயே வளைஞ்சு போகுது, அதான் மறுபடி மறுபடி. வயசு 41.'

'முழங்கால் ஆபரேஷன் ஆனவங்களுக்குப் படி ஏறப் பயிற்சி கொடுக்கிறேன். "லிப்ட் நின்னு போச்சு, நான் நிக்கல, படி இருக்கு பாரு, பயம் எனக்கில்ல"னு வரும்போது எல்லாரும் சேர்ந்து கத்துறாங்க. வயசு 29.'

'எங்க அப்பா வீட்டை விட்டுப் போனப்போ எடுத்துட்டுப் போனது இந்த சிடி ஒண்ணுதான். அப்படி அதுல என்னதான் இருக்குன்னு பார்க்க வாங்கினேன். இருக்கு. வயசு 20.'

'என் பொண்ணு இதைப் போட்டாதான் தூங்குறா. பாடினவர் தப்பா எடுத்துக்க வேண்டாம். பொண்ணுக்கு வயசு 2.'

'பாட்டு எழுதிப் பழகுறேன். இவரு எங்கதான் மூச்சு விடுறாருன்னு இன்னும் கண்டுபிடிக்க முடியல. வயசு 17.'

'தவறிப்போய் எடுத்துட்டேன். ஆனா திருப்பித் தரமாட்டேன். வயசு 23.'

அந்த இரண்டு வயதுக்காரியை விட்டுவிட்டாலும் எட்டுப் பேர் முப்பதுக்குக் கீழே. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி தெரியவில்லை.

உங்கள் அமுக்கினி


ஏப்ரல் 17

அமுக்கினி,

சுகம். ஒன்பது நாள் பதில் போடவில்லை. சீட்டுகளைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரொட்டிக்காரியின் சீட்டில் இன்னும் மாவு இருக்கிறது.

ஆனால் இருபது வருடமாகத் தாளத்தை எண்ணிச் சாப்பிட்டவன் நான். பதினான்கு விற்றது என்கிறாய். பதின்மூன்று சீட்டு அனுப்புகிறாய். பதினான்காவது எங்கே?

அவர் எழுத மறுத்திருந்தால் அதையும் எழுதியிருப்பாய். அப்பாவை நினைத்து அந்த இருபது வயதுப் பிள்ளை எழுதியதை மறைக்காதவள், ஒன்றை மட்டும் ஏன் மறைத்தாய்? எனக்குப் படுவது ஒன்றுதான். கட்டிலுக்கு அடியில் மறுபடி பார். ஒரு சிடி எனக்காக அக்கா வாங்கியது என்றால் மற்றப் பதின்மூன்றையும் அந்த மேனேஜர் முன்னால் நான் எப்படி வைப்பேன்? எதை நம்பி வைப்பேன்?

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது.

மாமா


ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் நலம்தான்.

பதினான்காவது சீட்டு இதோடு இருக்கிறது. அதை ஒளித்துவைத்தது என் தப்பு. அதைப் பார்த்தால் எல்லாவற்றையும் நம்ப மாட்டீர்கள் என்று பயந்தேன். ஒளித்ததால்தான் நம்பாமல் போனீர்கள்.

நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் முதலாளி விற்றது அது. மாலையில் டப்பாவைத் திறந்தபோது கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இப்படி இருந்தது:

'வயசு எதுக்கு? வீட்ல இருந்த பழைய சிடி நாலாவது பாட்டுல நின்னு போகுது. ரெண்டு மாசமா என் தம்பி குரல் கேக்கல. போன்ல இருமல்தான் வருது. இது அவன் பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கும். முதலாளி, என் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க.'

இந்தத் தடவை ஒன்றே ஒன்றுதான் வாங்கியிருக்கிறாள். கட்டிலுக்கு அடியில் இல்லை. நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு போட்டுக் கேட்கிறாள். ஒருநாள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வாசலில் நின்று கேட்டேன். நீங்கள் பாடுகிறீர்கள், அம்மா இடையிடையே பதில் சொல்கிறாள். "ஆமா, பெரிய இவரு." "அப்படியா? அப்புறம்?" நான் குடை இல்லாமலே போய்விட்டேன்.

மற்றப் பதின்மூன்றும் நிஜம். வேண்டுமானால் முதலாளியைக் கேளுங்கள்.

உங்கள் அமுக்கினி


மே 2

என் அருமை அமுக்கினிக்கு,

சுகம், சுகம், சுகம். டாக்டர் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேசலாம் என்று விட்டுவிட்டார். அந்த முதல் பத்து நிமிடத்தை யாரிடம் செலவழித்தேன் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நீ கடையில் இருந்த நேரம் பார்த்துப் போன் போட்டேன். "அக்கா" என்றேன். "யாருங்க?" என்றாள். குரல் அப்படி மாறிக் கிடக்கிறது, துருப்பிடித்த இரும்புக் கேட் மாதிரி. "அம்மா, மீட்டர் பார்க்க வந்திருக்கேன், கரண்ட்" என்றேன். பிறகு பாக்கி ஒன்பது நிமிடமும் அவளே திட்டினாள். எனக்கு ஒரு வார்த்தைகூடச் செலவாகவில்லை.

முப்பதாம் தேதி கம்பெனிக்குப் போனேன். பதினான்கு சீட்டையும் மேஜையில் பரப்பினேன். ஆமாம், பதினான்கையும். மேனேஜர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். இரண்டு வயதுக்காரி வந்ததும் சிரித்துவிட்டார். அக்கா சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், இந்தக் கடை எங்க பட்டியல்லயே இல்லையே?"

"சின்னக் கடைங்க. வேன்ல போறது."

"வேன்ல போறதெல்லாம் பழைய சரக்கைத் தள்ளிவிடுறதுன்னுதான் இங்க எழுதியிருக்கு."

அங்கேயே வேன்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "கரண்டா? மேடம், நான் போற அறுபத்து மூணு கடையிலயும் முதல்ல தீர்றது அதுதான். நீங்கதான் கடைக்கு ஏழுக்கு மேல குடுக்க மாட்டேங்கிறீங்க. ஏழு வருஷமா கத்துறேன், யாரு காதுல போட்டுக்கிறா?"

பெரிய கடைகளில் பில் மிஷின் படித்துச் சொல்வதை மட்டுமே எண்ணியிருக்கிறார்கள். வேனில் போவது வெறும் கழிவு என்று யாரோ எப்போதோ முடிவுகட்டிவிட்டார்கள். அறுபத்து மூன்றையும் ஏழால் பெருக்கி மேனேஜர் தாளில் எழுதினார். பக்கத்தில் இந்த வருடத்துப் புதுப் பாடகர்களின் எண்களை எழுதினார். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, "இதுல நாலு பேர் உங்களுக்குக் கீழ இருக்காங்க சார்" என்றார்.

"ஆனா குரல் இப்படி ஆயிடுச்சே, பாட வருமா?" என்றும் கேட்டார்.

அந்த 'படி இருக்கு பாரு' வரியை எடுத்துவிட்டேன். கேட் திறக்கிற மாதிரியே இருந்தது. அன்றைக்கு 'கரண்ட் போயிடுச்சு' என்று சிரித்தவன் அடுத்த அறையிலிருந்து கதவருகே வந்து நின்றான். "இன்னொரு தடவை சார்" என்றான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாவி வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு, இன்னும் எரியும்
கரண்ட்


செப்டம்பர் 24

அமுக்கினிக்கு,

நான் நலம், உன் அம்மாவும் நலம் என்று தெரியும், தினம் பத்து நிமிடம் போனில் திட்டுகிறாள்.

ஆல்பம் முடிந்தது. அக்டோபர் ஒன்றாம் தேதி கடைகளுக்கு வருகிறது. பேர் 'பதினான்காவது சீட்டு'. முதல் பாட்டு முழுக்க உன் டப்பாவில் விழுந்த கேள்வி பதில்தான். மூச்சு எங்கே விடுகிறேன் என்று கேட்டானே அந்தப் பதினேழு வயதுக்காரன், அவனுக்காக ஒரு இடத்தில் காதில் விழும்படி மூச்சு விட்டிருக்கிறேன்.

வேன்காரர் உன் கடைக்கு ஏழு இல்லை, எழுபது இறக்குவார்.

இருபத்தொரு வருடத்துக்கு அப்புறம் கேட் குரலோடு ஊருக்கு முன்னால் நிற்கப் போகிறேன். அந்தப் பழைய பயம் மறுபடி வந்துவிட்டது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும், மற்றவர்கள் தைரியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்றைக்கு ஸ்டிக்கர் என்ன நிறம்?

மாமா


அக்டோபர் 1

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். பயம் போனதா? ஆரஞ்சு நிறம்.

எழுபதையும் நானே ஒட்டினேன். முதலாளி அவற்றைப் பின்பக்கம் வைக்க விடவில்லை. "இது முன்னாடி நிக்க வேண்டிய சரக்கு" என்று போன் உறைகளைத் தள்ளிவிட்டு வாசல் பக்கம் அடுக்கினார். அடுக்கிவிட்டு வேன்காரரோடு தெருவில் நின்று பேசப் போய்விட்டார்.

நான்கு மணிக்கு ரொட்டிக்காரப் பெண் வந்தார், மாவோடு. டிரைவிங் ஸ்கூல்காரர் கற்றுக்கொள்கிற இரண்டு பேரோடு வந்தார். படிப் பயிற்சி கொடுக்கிறவர், அவரைப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆபரேஷன் ஆன நான்கு பேர். இரண்டு வயதுக்காரி அவள் அம்மாவின் இடுப்பில். நோட்டுப் புத்தகத்தோடு ஒருவன், அவன்தான் பதினேழாக இருக்க வேண்டும். எல்லோரும் பழக்க தோஷத்தில் நேராகப் பின்பக்கம் போய்விட்டார்கள். நீங்கள் எப்போதும் இருக்கிற வரிசையில் தேடுகிறார்கள். "வரலையா?" "இன்னிக்குன்னுதானே சொன்னாங்க." "கிளம்பலாமா?" புதுசு எழுபதும் அவர்கள் முதுகுக்குப் பின்னால், வாசலில் இருக்கிறது.

சீட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று பேனாவைத் தேடினேன். நூல் மட்டும்தான் தொங்கியது. அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா அவள் கையில் இருந்தது. தரவில்லை.

அவர்கள் திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள்.

மைக்கை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். முதலில் 'ம்' என்றுதான் வந்தது. கடை முழுக்கக் கேட்டது, எல்லோரும் நின்றார்கள். அடுத்து உங்கள் பேரைச் சொன்னேன்.